மூச்சும் யந்திரமும்

மாதப் பூசத்தன்று வடலூர் சென்றிருந்தோம். இரவு சத்திய ஞான சபையில் ஜோதி தரிசனம் செய்து, தருமசாலையில் அன்னம் அருந்தி, நாற்சந்திக்கு வந்து, சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம் செல்லும் பஸ் ஒன்றில் ஏறினோம். 1867-ஆம் வருஷத்தில் இராமலிங்க அடிகளார் மூட்டிய அடுப்பு இன்றளவும் அவியாமல் எரியும் சாலை அது. அங்கே பசியாறி வருகிறவனுக்கு மனம் அடங்கியிருப்பது இயல்பு. நாமும் அவ்வாறே இருந்தோம். ஆனால் பக்கத்து ஆசனத்திலிருந்த வாலிபர் ஒருவரின் காதிலிருந்து இடைவிடாத ஓசை ஒன்று கசிந்துகொண்டிருந்தது. நாம் திரும்பிப் பார்த்ததும் அவர் கூச்சத்துடன், "தொந்தரவாக இருக்கிறதா, ஐயா?" என்றார். பிறகு, "கேட்டுப் பாருங்களேன்" என்று இயர்போனில் ஒன்றைக் கழற்றி நீட்டினார். வாங்கிக் கேட்டோம்.

அடியில் ஒரு முரசு. நொடிக்கு இரண்டு அடி வீதம், களைப்பும் தடுமாற்றமும் இன்றி, ஒரே அளவாய், ஒரே பலத்துடன் விழுந்துகொண்டிருந்தது. அதன் மேல் ஒரு ஸாக்ஸபோன் மனம் போன போக்கில் உலவியது. ஏறியது, இறங்கியது, அடியைச் சற்றே பிந்தித் தொட்டது, தொடாமலும் விட்டது. நெல் அரைக்கும் யந்திரத்தின் அருகில் நின்றுகொண்டு ஒருவர் நாகஸ்வரம் வாசித்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது நமக்கு. "இது ஜாஸும் எலெக்ட்ரானிக் நடன இசையும் கலந்தது, ஐயா" என்று அவர் விளக்கினார்.

அருட்பா பிறந்த ஊரிலிருந்து ஆடலரசன் ஊருக்குப் போகும் வழியில் கேட்கத்தக்க இசைதானா இது என்று வாசகர்களில் சிலர் வினவக் கூடும். நமக்கும் முதலில் அவ்வாறே தோன்றிற்று. ஆனால் விசாரணையின்றித் தீர்ப்புக் கூறுவது முறையன்று. ஆகவே இக்கலவையின் பிறப்பு வளர்ப்பைப் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

ஆண்டவர் இசையா, அடிமைப்பட்டவர் இசையா?

ஜாஸ் என்றதும் அதை வெள்ளைக்காரரின் கேளிக்கை என்று எண்ணுவோர் நம் நாட்டில் இன்றும் உளர். உண்மை அதற்கு நேர்மாறானது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டு அமெரிக்காவில் விற்கப்பட்ட மக்களின் சந்ததியார் வளர்த்த கலை அது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் காங்கோ சதுக்கத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓய்வு பெற்ற அடிமைகள் கூடி, முரசறைந்து ஆடினர். அந்த நகரத்திலேயே பின்னாளில் ஜாஸ் உருவாயிற்று. ஐரோப்பியரின் வாத்தியங்களை எடுத்துக்கொண்டு, ஐரோப்பியர் எழுதித் தராத இசையை அவற்றில் ஊதினார்கள் அம்மக்கள். ஏட்டில் எழுதியதை ஒப்பிப்பது அதன் உயிரன்று. வாசிக்கும் வேளையில் கற்பனை செய்வதே அதன் உயிர். ஒரு தோடியை மணிக்கணக்காக விரித்த திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையைக் கேட்டு வளர்ந்த தமிழருக்கு இந்தத் தத்துவம் அந்நியமாகாது. ஆலாபனையும் கற்பனாஸ்வரமும் தனி ஆவர்த்தனமும் அதே சுதந்திரத்தின் நம் ஊர்ப் பெயர்கள்.

நடன யந்திர இசையின் கதையும் இதை ஒத்ததே. ஜப்பான் தேசத்து ரோலண்டு கம்பெனியார் 1980-களின் தொடக்கத்தில் இரண்டு சிறு யந்திரங்களைச் சந்தைக்கு அனுப்பினர். 808 என்பது முரசு யந்திரம். 303 என்பது மந்திர ஸ்தாயியில் ஸ்வரங்களை ஒலிப்பது. தனியே பயிலும் கிதார்க்காரருக்குப் பக்கத் துணையாகவே 303 செய்யப்பட்டது. அந்தக் காரியத்துக்கு அது உதவவில்லை, வாங்குவோர் அருகினர், பழைய சாமான் கடைகளில் மலிந்து கிடந்தது. சிக்காகோ நகரத்துக் கறுப்பின வாலிபர் சிலர் அதை வாங்கி, திருகுகளைத் திருப்பி, செய்தவர் நினையாத ஒலிகளை எழுப்பி, 1987-இல் 'ஆசிட் ட்ராக்ஸ்' என்ற இசைத்தட்டை வெளியிட்டனர். உலகெங்கும் நடன மண்டபங்களில் இன்று முழங்கும் ஓசைக்கு மூலங்களில் ஒன்று அது. மோட்டார்த் தொழிற்சாலைகள் நிறைந்த டெட்ராயிட் நகரத்திலும் அவர்களைப் போன்ற வாலிபரே இவ்வகை இசையின் இன்னொரு கிளையை உண்டாக்கினர். ஆகவே ஜாஸும் யந்திரத் தாளமும் ஒரு குலத்துப் பிள்ளைகள் என்றே சொல்லலாம். ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ் 1972-இல் வெளியிட்ட 'ஆன் தி கார்னர்' தட்டில் நம் தபலாவும் சிதாரும்கூட இடம் பெற்றன. ஹெர்பி ஹான்காக் என்ற பியானோ வித்வான் 1983-இல் யந்திர முரசோடு சேர்ந்து 'ராக்கிட்' என்ற உருப்படியைச் செய்தார். 2000-இல் பிரான்ஸ் தேசத்து ஸான் ஜெர்மான் வெளியிட்ட 'டூரிஸ்ட்' இந்தக் கலவையைப் பல தேசங்களில் பிரபலமாக்கிற்று.

நம் நாட்டில் நடந்தது

இக்கலவையின் வித்துக்கள் நம் மண்ணிலும் விழுந்தன. 1935-இல் லியோன் அப்பே என்ற அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் தம் குழுவோடு பம்பாய்த் தாஜ்மஹால் ஹோட்டலுக்கு வந்து ஜாஸ் வாசித்தார். அவருக்குப் பின் வந்த பியானோ வித்வான் டெடி வெதர்ஃபோர்டு 1945-இல் கல்கத்தாவிலேயே காலமானார். அவர்களிடம் பழகிய கோவா நாட்டுக் கலைஞர்கள் சினிமா வாத்திய கோஷ்டிகளில் சேர்ந்தனர். அவ்வழியே ஜாஸின் சாயல் நம் படப் பாட்டுக்களிலும் புகுந்தது. ஆனால் நம் படங்களில் அதற்கு வாய்த்த இடம் நல்ல இடமன்று. ஸாக்ஸபோன் ஒலித்தால், அடுத்த காட்சி குடிமண்டபம் அல்லது வில்லனின் மாளிகை என்று குழந்தையும் அறியும். குற்றம் குழலுடையதன்று, அதைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தினுடையது.

அந்தப் பழியைத் துடைத்தவர் நாகஸ்வர வித்வான் ஒருவரின் புதல்வரே. தென் கன்னட ஜில்லாவைச் சேர்ந்த கத்ரி கோபால்நாத் இளமையில் மைசூர் அரண்மனைப் பாண்டு வாத்தியத்தில் ஸாக்ஸபோனைக் கேட்டு மயங்கினார். கமகங்களுக்கு இடந்தராத அந்தக் கருவியைப் பல வருஷம் பழக்கி, கர்நாடக இசைக்கு இசைவித்தார். 1980-இல் பம்பாயில் நடந்த ஜாஸ் விழாவில் அமெரிக்க வித்வான் ஜான் ஹாண்டி அவரோடு சேர்ந்து வாசித்தார். 2019-இல் கோபால்நாத் மறைந்தபோது, ஸாக்ஸபோன் கச்சேரி மேடைக்கு உரிய வாத்தியமாகிவிட்டிருந்தது.

எதிர்த்திசையில் நடந்தவரும் உண்டு. பாஸ்டன் நகரில் 1923-இல் பிறந்த சார்லி மரியானோ, சார்லஸ் மிங்கஸ் முதலிய பெரியோருடன் ஸாக்ஸபோன் வாசித்துப் பெயர் பெற்றவர். மலேசியாவில் வாத்தியக் குழுவைப் பயிற்றச் சென்ற இடத்தில் நாகஸ்வரம் அவர் காதில் விழுந்தது. தென்னிந்தியாவுக்கு வந்து தங்கி, நடுவயது கடந்த நிலையில் மாணாக்கராய் அமர்ந்து, அதைக் கற்றார். தம் ஜாஸ் இசைத்தட்டுக்களில் அதை ஊதினார். நாகஸ்வரக்காரர் மகன் ஸாக்ஸபோனைத் தேடிப் போனார். ஸாக்ஸபோன்காரர் நாகஸ்வரத்தைத் தேடி வந்தார். இருவரும் தம் இசையை இழக்கவில்லை, பெருக்கிக்கொண்டார்கள்.

யந்திரத் தாளத்தைப் பொறுத்தவரை நம் நாட்டில் நடந்தது அதனினும் வியப்பானது. பம்பாய்ச் சினிமாக் கோஷ்டிகளில் கிதார் வாசித்து வந்த சரண்ஜித் சிங் என்பவர், முன் சொன்ன 808, 303 யந்திரங்களை வாங்கி, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து, 1982-இல் இசைத்தட்டு ஒன்று வெளியிட்டார். நாம் மோகனம் என்னும் பூபாலியும், கல்யாணி என்னும் யமனும், ஹிந்தோளம் என்னும் மால்கௌன்ஸும், வலஜி என்னும் கலாவதியும் அவற்றுள் அடங்கும். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்ல 303-இல் ஓர் ஏற்பாடு உண்டு. நம்மவர் ஜாரு என்று சொல்லுவதன் நிழல் அது. அதனை ராகத்துக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டவர் அவர். சிக்காகோ வாலிபர்கள் தம் தட்டை வெளியிடுவதற்கு ஐந்து வருஷம் முன்பு நடந்த காரியம் இது. அந்நாளில் அதைச் சீந்துவாரில்லை. 2010-இல் ஹாலந்து தேசத்தார் அதை மறுபதிப்புச் செய்த பிறகே உலகம் வியந்தது. 2015-இல் அவர் காலமானார். நம் வீட்டுப் பிள்ளையின் திறமையை வெளியார் வந்து சொன்ன பின்பே அறிவது நம் பழைய வழக்கமாயிற்றே!

தடை செய்வதால் பயனுண்டா?

இத்தகைய கலப்புக்களைத் தடுத்தே ஆகவேண்டும் என்று கருதும் பெரியோர்களின் தேசபக்தியை நாம் குறை கூறோம். ஆனால் அநுபவம் சொல்வதைக் கேட்க வேண்டும். ஹார்மோனியம் நம் கமகத்துக்கு ஒவ்வாது என்று 1940-இல் அகில இந்திய ரேடியோ அதை விலக்கிற்று. முப்பது வருஷம் கழித்துத் தடை தளர்ந்தபோது, பஜனை மடத்திலும் நாடகக் கொட்டகையிலும் ஹார்மோனியம் முன்போலவே ஒலித்துக்கொண்டிருந்தது. 1952-இல் மத்திய மந்திரி கேஸ்கர் ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டை ஒதுக்கினார். ஜனங்கள் இலங்கை வானொலிக்குத் திருகைத் திருப்பினார்கள். 1957-இல் விவித பாரதி என்று தனி ஒலிபரப்பே ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. இவற்றுக்கெல்லாம் முன்பு, சென்னைக் கோட்டைப் பாண்டு வாத்தியக்காரரின் பிடிலைப் பாலுசாமி தீட்சிதர் கற்றபோது யாரேனும் தடுத்திருந்தால், இன்று நம் கச்சேரிகளின் கதி என்ன? வந்த வாத்தியத்தை நாம் ஆண்டால் அது சுதேசி. அது நம்மை ஆண்டால் விதேசி. இதைத் தவிர வேறு அளவுகோல் நமக்குப் புலப்படவில்லை.

ஆட்டத்துக்குரிய தாளம் என்பதனால் அதை இழிவென்று தள்ளுவதும் பொருந்தாது. தில்லையில் ஆடும் பெருமான் கையிலிருப்பது துடி. கோபுர வாயில்களில் 108 கரணங்கள் கல்லில் நிற்கின்றன. வடலூர் அடிகளாரே கொம்மிப் பாட்டையும் பந்தாடும் பெண்டிர் பாட்டையும் இழிவென்று தள்ளாமல், தம் அருளுரைக்கு வாகனமாக்கிக்கொண்டார். காலாலும் கையாலும் ஆடப்படும் தாளத்துக்கு ஞானத்தின் பக்கத்தில் இடமுண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

தவிற்காரர் பிள்ளை சொன்னது

அப்படியானால் ஆக்ஷேபிக்க ஒன்றுமே இல்லையா? உண்டு. அதை நமக்குக் கற்பித்தவர் அந்த பஸ் வாலிபரே.

பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய விரல்கள் முன் ஆசனத்துக் கம்பியின் மேல் ஓடிக்கொண்டிருந்ததைக் கவனித்தோம். யந்திரம் போட்ட அடியை அவை போடவில்லை. அடிக்கும் அடிக்கும் நடுவே கிடந்த வெளியில் ஓடின. மூன்று மூன்றாக நடந்தன, ஐந்து ஐந்தாகக் குறுக்கே பாய்ந்தன, பிறகு ஓரிடத்தில் யந்திரத்தோடு வந்து பொருந்தி நின்றன. "தவில் வாசிப்பீர்களா, தம்பி?" என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். தகப்பனார் தவில் வித்வானாம். பதினைந்து வயது வரையில் அவரிடமே பாடம். இப்போது நெய்வேலிப் பக்கம் கூலி ஒப்பந்த வேலை. "வாசிப்பை ஏன் விட்டீர்கள்?" என்றோம். "எங்கள் ஊர்க் கோயிலில் சாயரட்சைக்கு இப்போது மின்சார மேளந்தான் ஐயா அடிக்கிறது. பொத்தானை அமுக்கினால் முரசு, மணி, சேகண்டி மூன்றும் சேர்ந்து முழங்கும். அப்பாவுக்கு முகூர்த்த நாட்களில்தான் வேலை. நானும் அதையே நம்பினால் எப்படி?" என்றார்.

இந்த யந்திரத்தை வாசகர்களும் பார்த்திருப்பார்கள். சிறு மோட்டார் ஒன்று சுழல, அதில் பூட்டிய கோல்கள் முரசையும் மணியையும் அறைகின்றன. சம்பளம் கேட்பதில்லை, லீவு கேட்பதில்லை. ஊருக்கு ஊர் கோயில்கள் அதை வாங்கி வைத்திருக்கின்றன. ஜாஸோடு கலந்த யந்திரத் தாளத்தைக் கேட்டு 'ஐயோ, அந்நிய நாகரிகம்!' என்று அலறும் நாம், நம் கோயில் மண்டபத்திலே தவிற்காரரின் இடத்தில் அதே யந்திரத்தை உட்கார வைத்துவிட்டு, அதற்குக் கற்பூரமும் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

இவ்விரண்டு யந்திரங்களுக்கும் வித்தியாசம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். சரண்ஜித் சிங் யந்திரத்தின் முன் தாம் உட்கார்ந்து ராகத்தை வாசித்தார். நல்ல ஜாஸ் கலவையிலும் ஒரு மனிதரின் மூச்சு யந்திரத்தின் மேல் சவாரி செய்கிறது. கோயில் யந்திரத்தின் மேல் சவாரி செய்பவர் யாருமில்லை. முன்னது வித்வானுக்குத் துணை. பின்னது வித்வானுக்கு மாற்று.

ஜாஸ் கலவைகள் எல்லாமே நல்லவை என்று நாம் சாதிக்க வரவில்லை. பழைய இசைத்தட்டில் ஒரு வித்வான் என்றோ ஒரு கணத்தில் ஊதிய இரண்டு விரற்கடைத் துண்டை அறுத்தெடுத்து, அதையே நூறு முறை திருப்பித் திருப்பி ஒலிக்கச் செய்வதும் இக்கலவையில் ஒரு முறை. 1964-இல் ஹான்காக் வாசித்த பியானோவைத் துண்டாக எடுத்து, லண்டன் நகரத்து 'அஸ் த்ரீ' குழுவினர் 1993-இல் உரிமையாளரின் அநுமதியோடு செய்த பாட்டு உலகப் புகழ் பெற்றது. அதில் சாதுரியம் இருக்கிறது, மறுக்கோம். ஆயினும் சுதந்திரமாகப் பிறந்த ஒரு வாக்கியத்தைக் கிளிப்பிள்ளை வாயில் ஏற்றுவதற்குச் சமானமான குறையும் அதில் இருக்கிறது.

முரசு யந்திரம் ஒரு சுற்றைப் பதினாறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளும். நம் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் எட்டு அக்ஷரம். அக்ஷரத்துக்கு நான்காக முப்பத்திரண்டு மாத்திரை. கணக்குப் பார்த்தால் யந்திரத்தின் இரண்டு சுற்று நமக்கு ஓர் ஆவர்த்தனம், ஏட்டளவில் பொருத்தந்தான். ஆனால் தவிற்காரர் மாத்திரையை எண்ணிக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை. நாகஸ்வரக்காரர் மூச்சு வாங்குமிடத்தை அவர் முகத்திலே பார்க்கிறார். அவர் தயங்கினால் இவர் ஏந்துகிறார். அவர் துணிந்தால் இவர் மேலும் துணிகிறார். சுவாமி புறப்பாட்டில் மல்லாரி முழங்கும்போது வீதியின் அகலமும் ஜனங்களின் நெருக்கமும்கூட அவர் கைக்குள் வந்துவிடுகின்றன. யந்திரம் தவறாமல் அடிக்கும். ஆனால் பக்கத்தில் வாசிப்பவரைக் கேளாது. ஜாஸ் குழுவில் முரசறைபவரும் தவிற்காரரைப் போன்றவரே; அவரை எழுப்பிவிட்டு யந்திரத்தை வைக்கும்போது அங்கேயும் இந்த நஷ்டம் நேர்கிறது. கேளாத தாளத்தின் மேல் ஊதும் ஸாக்ஸபோன்காரர், கேட்கும் வேலை முழுவதையும் தாம் ஒருவரே செய்ய வேண்டியிருக்கிறது.

அந்த பஸ்ஸில் யந்திரத்துக்குப் பதில் சொன்னவை தவிற்காரர் பிள்ளையின் விரல்கள். தகப்பனார் கற்பித்த சொற்கட்டு அவர் விரலில் இருந்ததனால், அந்நிய தேசத்து ஓசை அவருக்குச் சங்கீதமாயிற்று. அந்த வித்தை இல்லாதவன் காதில் அதே ஓசை வெறும் அடியாகவே விழும். அவன் தலையை ஆட்டுவான், பதில் சொல்ல மாட்டான். இனி வரும் தலைமுறையில் அந்த விரல்கள் இருக்குமா என்பதே கேள்வி.

செய்ய வேண்டுவது

காரியம் பெரிதன்று. கோயில் அறங்காவலர்கள் நாளைக்கு ஒரு சந்திக்காவது யந்திரத்தை நிறுத்தி, மேளக்காரரை அழைத்து, கௌரவமான ஊதியம் கொடுக்கட்டும். கல்யாண வீட்டார் மேளத்தை முகூர்த்த நேரத்துக் கூச்சலாக எண்ணாமல், அரைமணி நேரம் பேச்சை நிறுத்தி உட்கார்ந்து கேட்கட்டும். கடலூரில் அரசினர் இசைப்பள்ளி இருக்கிறது. நாகஸ்வரமும் தவிலும் அங்கே கற்றுத் தருகிறார்கள். பிள்ளைகளை அங்கே அனுப்புவது பெற்றோர் கடமை. கற்று வெளிவரும் பிள்ளைக்குப் பிழைப்புக் கொடுப்பது ஊரார் கடமை.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு விண்ணப்பம். டைகர் வரதாச்சாரியாரும் தண்டபாணி தேசிகரும் பணியாற்றிய இடம் அது. 1941-இல் தமிழிசை மகாநாடு கூட்டி, தமிழன் தன் மேடையில் தன் பாஷையில் பாடுவதைக் கேட்கட்டும் என்று வழி திறந்த இடமும் அதுவே. இன்று அங்கே ஒரு நாகஸ்வரத்தையும் ஒரு ஸாக்ஸபோனையும் ஒரு தவிலையும், வேண்டுமானால் அந்த 808 யந்திரத்தையும் ஒரே ஜமக்காளத்தில் வைத்து, மாணாக்கரைப் பரீக்ஷிக்கச் சொன்னால் என்ன? எது எதைக் கேட்கிறது, எது கேளாதது என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

வாலிபர்களுக்கு நாம் சொல்வது இவ்வளவே. எந்த தேசத்து இசையையும் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அதற்குப் பதில் சொல்லத்தக்க ஒரு வித்தையைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

சிதம்பரத்தில் இறங்கும்போது அவ்வாலிபர், "ஆனித் திருமஞ்சனத்துக்கு அப்பா வாசிக்க வருகிறார், ஐயா. அவசியம் வர வேண்டும்" என்று அழைத்தார். "நீங்கள்?" என்று கேட்டோம். "லீவு கிடைத்தால் நானும் பக்கத்தில் உட்காருவேன்" என்றார். கிடைக்க வேண்டும் என்பது நமது பிரார்த்தனை. நாம் கட்டாயம் போவோம், வாசகர்களும் வாருங்கள்.